சாப்பாட்டு மேசையில் ஒரு ட்யூப்லைட்

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி கோவைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. கூட்டுக் குடும்பம். கணவர் வீட்டில் எல்லோருக்கும் குசும்பு அதிகம், குறிப்பாகக் கொழுந்தனாருக்கு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சிரிப்புதான். எனக்கோ எதுவும் உடனே புரிவதில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு புரியும், அல்லது ராத்திரி கணவர் விளக்குவார். அப்போது சிரிப்பு வராது. சில சமயம் புரியாமலே சிரித்து வைக்கிறேன். போன வாரம் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கொழுந்தனார், “ஏனுங்க அண்ணி, இன்னிக்கு சிறுவாணித் தண்ணி நிறைய உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க?” என்று கேட்டார். நான், “இல்லையே, நேத்துதான வந்துச்சு” என்று சொல்லிவிட்டேன். மாமியார் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வீட்டில் பெயரே ‘ட்யூப்லைட்’. இப்போதெல்லாம் நான் அடுப்படியில் இருக்கும்போது ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்றுகிறது. நான் ஜோக் சொன்னாலும் யாரும் சிரிப்பதில்லை. கூட்டுறவு சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன், ஒரு பைசா தப்பாது. ஆனால் இது மட்டும் ஏன் இப்படி? என் மூளையில் ஏதாவது கோளாறா? ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனும் இப்போது “அம்மா ட்யூப்லைட்” என்கிறான்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். சிறுவாணி விஷயம் நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கடைசி வரியில் நின்றுவிட்டேன். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மூளைக் கோளாறு. அப்படி எதுவும் இல்லை. அதற்குச் சாட்சி இந்தக் கடிதமேதான். ஒரு வேடிக்கையை இப்படி இடம், ஆள், பேச்சு எதுவும் பிசகாமல் சொல்லி, முன்பின் தெரியாத என்னையும் சிரிக்க வைக்க வேண்டுமென்றால், அதில் எது வேடிக்கை என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேசையில் வரவில்லை, எழுதும்போது வந்தது, அவ்வளவுதான்.

அது ஏன் மேசையில் வரவில்லை? அந்த ரசத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நகைச்சுவை நமக்குள் இரண்டு படியாக நடக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெர்ரி சல்ஸ் 1972-ல் எழுதினார். கேட்டுக்கொண்டு வரும்போது அடுத்து என்ன வரும் என்று நாம் ஒன்றை எதிர்பார்க்கிறோம். அது உடைகிறது. ‘இதென்ன, சம்பந்தமில்லாமல்?’ என்று ஒரு தடுமாற்றம். அது முதல் படி. உடனே மனம் பின்னால் ஓடி, எப்படி வைத்துப் பார்த்தால் இது பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. அது இரண்டாவது. இரண்டும் சட்டென்று நடந்தால் சிரிப்பு. ரசம் குடித்த மனிதர் புளிப்பு, உப்பு, காரம் என்று ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தால் குடிநீர் சப்ளை பற்றிப் பேசுகிறார். தடுமாற்றம். ஓ, தண்ணி நிறைய வந்தது சட்டியில்! பொருந்திவிட்டது.

இந்த இரண்டு படியும் வேறு வேறு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹிராம் பிரவுனெல், ஹோவர்ட் கார்ட்னர் குழுவினர் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் வலது பக்கம் சேதமடைந்தவர்களிடம் ஒரு ஜோக்கின் முன்பகுதியைக் கொடுத்து, சரியான முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்கள் சப்பென்ற முடிவை எடுக்கவில்லை. ஜோக் என்றால் முடிவு திடுக்கென்று இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கதைக்குச் சம்பந்தமே இல்லாத திடுக் முடிவையும் எடுத்தார்கள். முதல் படி இருந்தது, இரண்டாவது போய்விட்டது.

உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளும் ஏறக்குறைய அப்படித்தான். “யானை ஏன் மரத்துல ஏறுச்சு? ஏன்னா அதுக்கு சட்னி வேணும்!” என்று சொல்லிவிட்டுத் தரையில் உருண்டு சிரிப்பார்கள். உங்கள் வீட்டிலும் இது நடக்கும் என்று நினைக்கிறேன். கனடாவில் தாமஸ் ஷுல்ட்ஸ் 1970-களில் செய்த சோதனைகளில், ஜோக்கின் விடை பொருந்தாதபடி மாற்றிச் சொன்னாலும் ஆறு வயதுக் குழந்தைகள் அதே அளவுக்கு ரசித்தார்கள். எட்டு வயதுக்காரர்களுக்குத்தான் விடை பொருந்தினால் கூடுதல் சிரிப்பு வந்தது. அந்த வயதுக்கு யானையும் சட்னியும் ஒரே வாக்கியத்தில் வந்தாலே போதும். அதனால் பையனைத் திருத்தப் போகாதீர்கள்.

இப்போது உங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். உங்களிடம் தவறிப்போனது இரண்டாவது படி அல்ல. முதல் படியே நடக்கவில்லை. ஏனென்றால் உங்கள் காதில் அது ஒரு சாதாரணக் கேள்வி. தண்ணி வந்ததா, எப்போது வந்தது, தொட்டி நிரம்பியதா என்பது வீட்டுப் பெண்கள் தினம் பேசுகிற பேச்சு. அதில் தடுமாற என்ன இருக்கிறது? கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள். அதுவும் சரியான பதில்.

கோவைக் குசும்பின் சூட்சுமமே இதுதான். முகத்தில் ஒரு ரேகை அசையாது. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு, ரொம்ப மரியாதையாக, அக்கறையாக விசாரிப்பது போல இருக்கும். கிண்டல் அந்த மரியாதைக்குள் ஒளிந்திருக்கும். கூடவே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கொழுந்தனார் எந்தக் குரலில் ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்தால் என்ன வரும் என்பது முப்பது வருடப் பழக்கம். பொருநைக் கரையில் கிண்டல் செய்கிறவர்கள் கிண்டல் செய்கிறோம் என்று குரலிலேயே சொல்லிவிடுவார்கள். நீங்கள் அந்தச் சைகைக்குப் பழகியவர். இதை நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். கத்திப் பேசும் கோவைக்காரர்களும், கல்லுப் போல் முகத்தை வைத்துக்கொண்டு ஆளைக் கவிழ்க்கும் நெல்லைக்காரர்களும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, சொல்பவரும் கேட்பவரும் ஒரே உலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினாரே, ‘ஆடிக் குடத்தடையும்’ என்று தொடங்கும். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுப் பாம்பாட்டியின் குடத்துக்குள் போய்விடும். எள் செக்கில் ஆட்டப்பட்டு எண்ணெயாகக் குடத்துக்குள் போகும். செக்கடியில் எண்ணெய்க்குக் காத்து நின்றவனுக்கு, தெருவில் பாம்பாட்டியைப் பார்த்தவனுக்கு, கேட்ட மாத்திரத்தில் சிரிப்பு வந்திருக்கும். நாம் பள்ளியில் கோனார் உரையை வைத்துக்கொண்டு படித்தோம். புரிந்தது, வியந்தோம், ஐந்து மதிப்பெண்ணும் வாங்கினோம். யாராவது சிரித்தோமா? நாம் யாரும் மந்தம் இல்லை. செக்கு நம் தெருவில் இல்லை.

உங்கள் கணவர் ராத்திரி விளக்கும்போது சிரிப்பு வராததும் இதனால்தான். அந்தத் தாவலை நம் மனம் தானே தாவ வேண்டும். தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் இடம் தெரியும், தாவிய சுகம் தெரியாது. புரிவதும் ரசிப்பதும் ஒன்றில்லை என்பதை மூளைப் படங்களிலும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் வினோத் கோயல், ரே டோலன் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சொல் விளையாட்டு ஜோக்குகளையும் கருத்தை வைத்து வரும் ஜோக்குகளையும் புரிந்துகொள்ள மூளை வேறு வேறு பகுதிகளைப் பயன்படுத்தியது. ஆனால் ‘வேடிக்கையாக இருக்கிறது’ என்ற ரசனை இரண்டுக்கும் பொதுவாக முன்மூளையின் அடிப்பகுதி ஒன்றில் தெரிந்தது. 2003-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ட்டூன்களைக் காட்டிப் பார்த்தபோது, பணம் கிடைத்தால் எந்தப் பகுதி துள்ளுமோ அந்தப் பகுதியே வேடிக்கைக்கும் துள்ளியது. அது சின்னப் பரிசு. விளக்கவுரை வழியாகக் கைக்கு வராது.

அதற்காகக் கணவரை விளக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேறொன்றை விளக்கச் சொல்லுங்கள். ஜோக்கை வேண்டாம், ஆட்களை. அந்தப் பெரியப்பா பெயரைச் சொன்னாலே ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள், ‘பழைய ராஜ்தூத் கதை’ மாதிரி ஏதாவது உங்கள் வீட்டில் ஓடுகிறதா, அதன் மூலக்கதை என்ன, இதையெல்லாம் கேளுங்கள். வீட்டு ஜோக்குகளில் பாதிக்கு மேல் பழைய சம்பவங்களின் மீது நிற்பவை. ஏழு வருடமாக முதல் பாகம் பார்க்காமல் இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, புரியாமலே சிரித்து வைக்கிறேன் என்று குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ராபர்ட் ப்ராவின் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடைத்தெருவிலும் கல்லூரி நடைபாதையிலும் ஜனங்கள் இயல்பாகச் சிரித்த சுமார் 1,200 தருணங்களை மாணவர்களோடு சேர்ந்து ஒட்டுக்கேட்டுக் குறித்துவைத்தார். சிரிப்புக்குச் சற்று முன் பேசப்பட்டவற்றில் ஜோக் என்று சொல்லக்கூடியவை 20 சதவீதம்கூட இல்லை. மற்றதெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’, ‘உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்’ ரகம். கேட்பவரைவிடப் பேசுபவர்தான் அதிகம் சிரித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கணக்கு. ஆகவே உங்கள் மேசையில் எழும் சிரிப்பில் பெரும்பகுதி ‘நாமெல்லாம் ஒன்று’ என்பதற்குத்தான் எழுகிறது. நீங்கள் சேர்ந்து சிரிப்பதும் அதற்குத்தான். அது தேர்வில் காப்பி அடிப்பது இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புக்குப் பெங்களூர் போனபோது அறையில் நான் ஒருவன்தான் கன்னடம் தெரியாதவன். ஒருநாள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ஜோக் நான் உடுத்தியிருந்த லுங்கியைப் பற்றியது என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன், யார் யாரைச் சொல்கிறார்கள் என்று. அப்புறம் எனக்கு எந்த ஜோக்கும் புரியவில்லை. தமிழ் ஜோக்கும்.

அங்கேதான் உங்கள் விஷயமும் சிக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ஜோக்கைப் பிடிக்க மனம் கொஞ்சம் காலியாக இருக்க வேண்டும். சொன்ன வார்த்தையைப் பிடித்துவைத்து, பின்னால் ஓடி, வேறு அர்த்தம் தேட வேண்டும். அந்த நேரத்தில் மனத்தின் பாதி ‘இது என்னைப் பற்றியா? நான் சிரிக்க வேண்டுமா? இப்போது சிரிக்கலாமா?’ என்று காவல் காத்துக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் பாதியால் அது முடியாது. தாமதமாகிறது. தாமதமானால் சிரிக்கிறார்கள். சிரித்தால் காவல் கூடுகிறது. முதல் வருடத்தைவிட ஏழாவது வருடம் மோசமாக இருக்கிறதென்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஹாலில் சிரித்தால் என்னைப் பற்றியோ என்று தோன்றுகிறது என்றீர்கள். சிரிக்கப்படுவதைப் பற்றிய இந்தப் பயத்தை மைக்கேல் டிட்ஸ என்ற ஜெர்மன் உளசிகிச்சையாளர் கவனித்துப் பெயரிட்டார். பிறகு சூரிச்சில் வில்லிபால்ட் ரூக் குழுவினர் அதை அளக்கக் கேள்விப்பட்டியல் உருவாக்கினார்கள். நோய் என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை. பலருக்குக் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதுதான். ஆனால் அலுவலகத்திலும், பஸ்ஸிலும், முன்பின் தெரியாதவர்கள் சிரித்தாலும் அப்படித் தோன்றி, அதனால் கல்யாணம் காட்சிக்குப் போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் அருகிலுள்ள உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். வீட்டுக்குள் மட்டும்தான் என்றால் வேலை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அந்த ஜோக் உங்களைத் தவிர எல்லோருக்கும் ஏன் இனித்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010-ல் சொன்னது: ஏதோ ஒன்று மீறப்பட வேண்டும், அதே நேரம் அதனால் பாதகமில்லை என்றும் தோன்ற வேண்டும். அப்போதுதான் சிரிப்பு. மருமகள் வைத்த ரசத்தைக் குறை சொல்வது ஒரு மீறல். ரசம் வைக்காதவர்களுக்கு அது பாதகமில்லாத மீறல். ஆபீஸிலிருந்து வந்து, அவசரமாகப் புளி கரைத்து, தாளித்துக் கொட்டி, பரிமாறியும் நிற்பவருக்கு அது நேரே வந்து விழுகிறது. மேசை ஒன்றுதான், உட்கார்ந்திருக்கும் தூரம் வேறு. எல்லாக் கிண்டலுக்கும் நீங்களும் சேர்ந்து சிரித்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு சொன்னார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சிரிப்பில் ஒருவர் மேலே ஏறவும் ஒருவர் கீழே இறங்கவும் இடமிருக்கிறது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் கணக்கில் கெட்டி. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாரம் குறித்துவையுங்கள். ராத்திரி மேசையில் எத்தனை கிண்டல், ஒவ்வொன்றும் யார் தலையில் விழுந்தது. மாமனாருக்கு இரண்டு, உங்கள் கணவருக்கு மூன்று, உங்களுக்கு மூன்று, கொழுந்தனாருக்கே திரும்பி ஒன்று என்று வந்தால், அது பந்து விளையாட்டு. நீங்களும் உள்ளே நிற்கிறீர்கள், பந்து வேகமாக வருகிறது, அவ்வளவுதான். பத்தில் எட்டு உங்கள் மேல் என்றால் அது வேறு விஷயம். கனடிய உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003-ல் நகைச்சுவையை நான்கு விதமாகப் பிரித்தார். மனிதர்களை ஒட்டவைக்கும் நகைச்சுவையை ஒரு வகையாகவும், மற்றவரைக் குத்தும் நகைச்சுவையை இன்னொரு வகையாகவும் வைத்தார். சொல்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தோன்றும். நோட்டுக்கு அப்படித் தோன்றாது.

பந்து விளையாட்டு என்று வந்தால், புரியாதபோது சிரித்து வைக்காமல் ஒருமுறை “புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்ன அதே மரியாதையோடு, முகத்தில் ரேகை அசையாமல். ஜோக்கைத் திரும்பச் சொல்ல வைப்பதைப் போலச் சொன்னவரைத் தவிக்க வைப்பது வேறில்லை.

நீங்கள் சொல்லும் ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை என்பது சின்ன விஷயம். ‘ஒரு ஜோக் சொல்றேன், செம காமெடி’ என்று ஆரம்பிக்கிறீர்களா? அதை விட்டுவிடுங்கள், எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். திருப்புகிற வார்த்தை கடைசியில் வரட்டும். தமிழில் வார்த்தையை இஷ்டப்படி முன்பின் மாற்றலாம், அந்த வசதி எல்லா மொழிக்கும் இல்லை. சொல்லி முடித்த பிறகு விளக்காதீர்கள்.

இனி கடைசி வரி.

கொழுந்தனார் சொல்லும் ‘ட்யூப்லைட்’டும் மகன் சொல்லும் ‘ட்யூப்லைட்’டும் ஒன்றில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் கிண்டல் இருப்பது பாதிதான் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் முழுதாகத் தெரியும். சிரிப்பைவிடப் பெரிய மிட்டாய் அந்த வயதில் கிடையாது. அவனைத் திட்டினால் பிரயோஜனமில்லை. மிட்டாயை நிறுத்த வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் நீங்களும் இல்லை, உங்கள் கணவர். மேசையில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், அது இன்னொரு ஜோக் ஆகிவிடும். தம்பியோடு வண்டியில் போகும்போதோ, மொட்டை மாடியிலோ, இரண்டே வரி: “அண்ணியை என்ன வேணா கிண்டல் பண்ணுடா. அந்தப் பேரு மட்டும் வேண்டாம், பையன் புடிச்சுக்கிட்டான்.” அதற்கு மேல் பேச வேண்டாம். ஊரையே கிண்டல் செய்கிறவருக்கு இந்த இரண்டு வரி புரியாமல் போகாது. பையன் அடுத்த முறை சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடட்டும். சில நாட்களில் அவன் யானைக்குத் திரும்பிவிடுவான்.

ஒரு வாரக் கணக்கை எனக்கு எழுதுங்கள். இவ்வளவு எழுதியவர், ரசம் உண்மையிலேயே தண்ணியாகத்தான் இருந்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.